பனிக்கரடிக்கு ஒரு மதிப்பெண்

1. பெட்டி

பக்கவாதம் வந்த ஆளுக்குப் பேச்சு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க எங்கள் மருத்துவமனையில் ஒரு பனிக்கரடி இருந்தது. படம்தான். அறுபது அட்டைகள் கொண்ட ஒரு பெட்டியில் அதுதான் முதல் அட்டை. தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, நரம்பியல் பிரிவின் தலைமை மருத்துவர் அந்தப் பெட்டியைக் குத்துவிளக்கு மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தார். அவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். நான் ஓய்வு பெறுவதற்குள் நாலைந்து சீஃப்கள் மாறினார்கள். பெட்டி மாறவில்லை.

கரடிக்கு அடுத்தது பனி அள்ளும் மண்வெட்டி. பிறகு குளிர்காயும் கணப்பு, யாழ் மாதிரி ஏதோ ஒரு வாத்தியம், ஈட்டி மாதிரி ஒரு பச்சைக் காய். அந்தக் காயின் பெயரை அட்டையின் பின்பக்கம் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். நோயாளி ஒவ்வொரு படத்துக்கும் வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு மதிப்பெண். இதற்கு நேமிங் டெஸ்ட் என்று பெயர்.

முதல் நாள் வந்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. மண்வெட்டிப் படத்தை வாங்கிப் பார்த்தார். "மம்பட்டி" என்றார். உடனே தலையை ஆட்டி, "இல்ல... வெட்டாது" என்றார். அந்த ஆள் சொன்னது முழுக்க முழுக்க நியாயம். அதை வைத்து ஒரு வரப்பைக்கூடக் கழிக்க முடியாது. அவருக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. அதை எதற்கு அள்ள வேண்டும்? நான் தாளில் பூஜ்யம் போட்டேன். கூடவே, சொன்னதை மாற்றிச் சொல்கிறார் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். வேலைக்குப் புதிது, எழுத இடம் இருந்தது, எழுதிவிட்டேன்.

சீஃபிடம் போய், "சார், இந்த ஊர்ப் பொருளா கொஞ்சம் வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"கேள்விய மாத்தாதீங்கம்மா. மாத்துனா ஸ்கோர் செல்லாது. உலகம் பூரா இதே கரடிதான்" என்றார்.

உலகம் பூராவும் இதே கரடி என்று கேட்டதும் எனக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. பல வருடங்கள் அந்த மரியாதையோடு பூஜ்யம் போட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி அந்தப் பூஜ்யங்கள்தான்.

2. எங்கே அடைப்பு

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் மூன்று. கண் அதை அடையாளம் காண வேண்டும். அது என்ன, எதற்கு, நமக்கு அதனால் என்ன என்கிற பொருள் மனதில் எழ வேண்டும். பிறகுதான் பெயரின் ஒலி வாய்க்கு வரும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகில் கோளாறா, வாய்க்காலில் அடைப்பா, யாராவது நடுவில் மடை மாற்றிவிட்டார்களா என்று நடந்து பார்ப்போமே, அதுதான் எங்கள் வேலையும். எல்லாம் தெரிந்தும் பெயர் மட்டும் வாய்க்கு வராமல் நிற்கும் நிலைக்கு அனோமியா என்று பெயர்.

இதையெல்லாம் நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். எனக்குப் புரிந்தது நாகவல்லி வந்த பிறகுதான். அது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு.

3. நாகவல்லி

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரக் கிராமம். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஊர்க் கரையில் விசைப்படகு மீனுக்கு ஏலம் கூறுகிறவள். மாமியாரிடமிருந்து வந்த இடம். பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்து, பேச்சு குறைந்திருந்தது. கூட வந்தது கணவர் முத்தையன். படகு ஓட்டுகிறவர். மனைவிக்குப் போன பேச்சு முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

முதல் அட்டையை எடுத்துக் காட்டினேன். நாகவல்லி பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் முத்தையன் முந்திக்கொண்டார்.

"கரடிங்க டாக்டரம்மா. வெயில்ல கெடந்து வெளுத்துப்போச்சு."

"நான் டாக்டர் இல்லைங்க. நீங்க சொல்லக் கூடாது. அவங்கதான் சொல்லணும்."

"சரிங்க, சொல்லல. ஏய், கரடின்னு சொல்லு."

அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தொடர்ந்தேன். அறுபதில் பதினொன்று. ஒரு அட்டையில் மீன் இருந்தது. இதையாவது சொல்வாள் என்று ஆசையோடு நீட்டினேன். அந்தப் படத்தை வரைந்தவர் மீனைத் தட்டில் மட்டுமே பார்த்திருக்க வேண்டும். நாகவல்லி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி என்னிடமே கொடுத்துவிட்டாள். பூஜ்யம்.

அவளால் எண்கள் சொல்ல முடிந்தது. ஒன்றிலிருந்து நூறு வரை தடையில்லாமல் ஓடியது. எண் வரிசை பழக்கத்தில் வருவது, பலருக்குத் தப்பித்துக்கொள்ளும். அதனால் ஏலத்தில் விலை ஏற்றுவது கஷ்டமில்லை. கஷ்டம் பெயரில்தான் இருந்தது.

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. ஏலம் கூறுகிறவர் மீன் குவியலைக் காலால் தொட்டு, மீனின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விலையைத் தொடங்க வேண்டும். எடுத்த ஆளின் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். பின்வரிசையில் நிற்கும் வியாபாரிக்குக் குவியல் தெரியாது. அவன் காதில் விழும் பெயரை நம்பித்தான் கேட்பான். பெயர் மாறினால் அந்த ஏலம் செல்லாது, சண்டையும் வரும்.

மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. முத்தையனின் தம்பி அந்த இடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். "அண்ணிக்குப் புத்தி கலங்கிப்போச்சு, இனிமே கூற முடியாது" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். பஞ்சாயத்தார் யோசித்து ஒரு முடிவு சொன்னார்கள். தடை முடிந்து முதல் படகு வருகிற அன்று நாகவல்லி கூற வேண்டும். முடியாவிட்டால் இடம் கொழுந்தனுக்கு. கூடவே, புத்தி சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டும் வாங்கி வந்தால் நல்லது.

"அந்த எடம் போச்சுன்னா இவ செத்துருவாங்க" என்றார் முத்தையன். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அப்போதிருந்த சீஃப் பதினொன்றைப் பார்த்தார். "பொருள் அறியும் திறன் பாதிப்புன்னு எழுதுங்க" என்றார். நாகவல்லிக்குப் பேச வராதே தவிர, எல்லாம் புரியும். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

4. என் சாப்பாட்டு டப்பா

அடுத்த வாரம் ஒரு திங்கட்கிழமை. பயிற்சி நீண்டு மதியமாகிவிட்டது. நான் டப்பாவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் வாங்கிய மீன், குழம்பு வைத்து மறுநாளுக்கும் கொண்டுவந்திருந்தேன். மீன் வாங்கத் தெரிந்தவள் என்று எனக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு நானேதான் வைத்துக்கொண்டேன்.

நாகவல்லி மூக்கைச் சுளித்தாள். டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"காரப்பொடி" என்றாள். தெளிவாக. பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மூணு நாளு" என்றாள்.

காலையில் பிடித்தது என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். அதை விடுங்கள். வந்த நாளிலிருந்து ஒரு பெயர்கூடக் கேட்டவுடன் சொல்லாதவள், கேட்காமலே ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தக் காரப்பொடி மீனைப் பற்றித் தெரிந்தது ஏராளம். எப்போது பிடிபடும், எத்தனை மணி நேரத்தில் கெடும், யார் தலையில் கட்டலாம் என்பது வரை தெரியும். இவ்வளவும் சேர்ந்து தள்ளியதில் பெயர் வெளியே வந்துவிட்டது. கரடியைத் தள்ள அவளிடம் என்ன இருந்தது?

அன்று நான் சாப்பிடவில்லை.

5. என் கண்டுபிடிப்பு

இந்த இடத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறியது. பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய், விதவிதமான மீன்களைச் செல்போனில் படம் எடுத்தேன். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வருமே, அது. மீன்காரிகள் "வாங்கறதா இருந்தா படம் எடு" என்று திட்டினார்கள். அந்த வகையில் இரண்டு கிலோ மடவை வாங்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, கலெக்டருக்கு மனு கொடுப்பது மாதிரி ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று முதல் இரண்டு பத்திகூட எழுதிவிட்டேன்.

மேசை முழுக்க மீன்களை வரிசையாகப் பரப்பினேன். நாகவல்லியின் கண் மின்னியது.

"மடவ." சரி. "கெழங்கான்." சரி. "கொடுவா." சரி. நான் சீஃபின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

நாலாவது சங்கரா. நாகவல்லி "மடவ" என்றாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்தது பாறை. "கொடு... மட... கெழ..." என்று மூன்றும் கலந்து வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் முன்னால் சொன்ன பெயர்கள்தான். மறுநாள் இன்னும் மோசம். வார முடிவில், கரடிப் பெட்டியில் வாங்கியதைவிடக் குறைந்த மதிப்பெண்.

சீஃப் எட்டிப் பார்த்தார். "உங்க மீனுக்கு எங்க கரடியே தேவலாம் போலிருக்கேம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கருத்தரங்கின் இரண்டு பத்திகளையும் கிழித்துப்போட்டேன்.

விடை கொடுத்தது நாகவல்லியின் கோபம். ஒரு நாள் அவள் இடது கையால் மேசையிலிருந்த அட்டைகள் அத்தனையையும் வழித்துத் தரையில் தள்ளினாள். ஒன்றே ஒன்றைப் பொறுக்கி நடுவில் வைத்தாள். தரையில் கிடந்த மற்றதையெல்லாம் என் ஃபைலைக் கவிழ்த்து மூடினாள். கதவோரம் நின்ற முத்தையனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

அவர் தயங்கி வந்தார். "அது ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. கோச்சுக்காதீங்க. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி வச்சா எந்த மனுசி ஏலம் கூறுவா? ஒரு குவியல் போனாத்தான் அடுத்த குவியல் வரும். எடுத்தவன் பேரச் சொல்லணும், சரக்கு அந்தப் பக்கம் போகணும். அப்புறந்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியணும்."

எனக்கு முதுகில் ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. பொருள் பெயரை இழுத்து வரும் என்று மட்டும் எண்ணியிருந்தேன். ஒரே மாதிரிப் பொருள்கள் அடுத்தடுத்து வந்தால், அவற்றின் பெயர்கள் ஒரே வாசலில் நெருக்கித் தள்ளி, எதுவும் வெளியே வர முடியாமல் ஆகிவிடும் என்பதும் என் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். அதற்கும் நான் மார்க் வாங்கியிருக்கிறேன்.

அன்று முதல் என் அறை ஏலக்கரை ஆனது. ஒரு அட்டை. பெயர். விலை. பிறகு எடுத்த ஆளின் பெயர், அட்டை அவர் கைக்குப் போய்விடும். மீனுக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு மனிதர் வந்ததும் நெரிசல் குறைந்தது. வியாபாரிகள் எல்லோரும் முத்தையன்தான். பட்டுக்கோட்டை வியாபாரிக்கு ஒரு குரல், நன்னிலத்து வியாபாரிக்கு ஒரு குரல் என்று பிய்த்து உதறினார். இந்த நடிப்புக்கு நடுவே டீ வேண்டுமா என்றும் கேட்பார். வாசலில் நர்சுகள் கூட்டம் கூடியது. தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பத்துக்கு எட்டு வந்துகொண்டிருந்தது.

6. சீட்டு

சீட்டு வாங்க சீஃபிடம் போனோம். விதிப்படி மறுபடியும் பெட்டி. அறுபதுக்குப் பதினாலு. கரடிக்கு வழக்கம்போலப் பூஜ்யம்.

"பதினாலுக்கு நான் எப்படிம்மா சர்டிஃபிகேட் கொடுக்கறது?"

"சார், அவங்க மீன் பேரு சொல்றாங்க. அவங்களுக்கு வேண்டியது அதுதான்."

"அந்த மீனெல்லாம் பெட்டியில இல்லையே."

நாகவல்லி என் ஃபைலிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் முன் நீட்டினாள். புருவத்தை உயர்த்தினாள். நான் நோயாளிகளிடம் உயர்த்துவேனே, அதே மாதிரி.

சீஃப் சிரித்தார். "மீனு."

அடுத்த அட்டை. "இதுவும் மீனு." மூன்றாவது. "மீனுதாம்மா." நாலாவதுக்கு அவர் சிரிக்கவில்லை.

நாகவல்லி என் பக்கம் திரும்பி, காற்றில் விரலால் ஒரு பூஜ்யம் போட்டாள். முத்தையன் இருமுவது போல முகத்தை மூடிக்கொண்டார். இதற்குப் பிறகு சீஃப் மனம் மாறிக் கையெழுத்துப் போட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நீங்கள் அரசாங்கக் கோப்பு பார்த்தவர் இல்லை. "மறுபரிசோதனை தேவை" என்று எழுதி, ஆறு மாதம் கழித்துத் தேதி போட்டுக் கொடுத்தார்.

7. கரை

முதல் படகு வருகிற அன்று லீவு போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போனேன். சீட்டு இல்லாமல் அவள் நிற்பதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பார்க்காமல் இருக்கும் தைரியமும் இல்லை.

கரையில் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் வெள்ளைச் சட்டை போட்டு, இன்றைக்கே பதவி ஏற்பவர் மாதிரி இருந்தார். படகு வந்ததும் அவருடைய ஆட்கள் நாலைந்து கூடைகளை நாகவல்லியின் முன்னால் பக்கம் பக்கமாகக் கொட்டினார்கள். அவளுடைய கஷ்டம் அவர்களுக்குத் தெரிந்து செய்தார்களா, அவசரத்தில் செய்தார்களா, தெரியாது. நானும் அவளுக்கு முதலில் இப்படித்தானே கொட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தார்ப்பாயை இழுத்து, ஒரு குவியல் தவிர மற்றதையெல்லாம் மூடினாள்.

"என்னண்ணி, மீனுக்குக் குளிருதா?" என்றார் கொழுந்தன். சிலர் சிரித்தார்கள்.

நாகவல்லி குவியலைக் காலால் தொட்டாள். "சங்கரா!"

விலை ஏறியது. எடுத்தவர் பெயர் சொன்னாள். குவியல் போனது. தார்ப்பாய் கொஞ்சம் விலகியது. "கெழங்கான்!" போனது. "பாற!" போனது. முத்தையன் என் பக்கத்தில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்.

அடுத்த குவியலில் நின்றுவிட்டாள்.

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வியாபாரிகள் காத்திருந்தார்கள். கொழுந்தன் ஒரு அடி முன்னால் வந்தார். எங்கள் தொழிலில் க்யூ என்று ஒன்று உண்டு, பெயரின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பது. என் வாய் தானாகக் குவிந்தது. நாகவல்லி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஊர் முன்னால் நான் எடுத்துக் கொடுத்தால் அந்த இடம் அவளுக்கு எப்படி நிற்கும்?

அவள் குனிந்தாள். இடது கையைக் குவியலில் விட்டாள். விரல்கள் மீனின் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் போகாமல், செவுளுக்குள் நுழைந்து ஒன்றைத் தூக்கின. அந்த மீனின் முதுகு முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். பெயர் அவள் வாய்க்கு மறந்திருந்தது, முள் விரலுக்கு மறக்கவில்லை.

மீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "ஓரா!"

கரை முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எல்லாம் முடிந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து வேட்டியை உதறினார். "கூறுறா இல்ல? அப்புறமென்ன பேச்சு?" என்றார். யாரோ ஆஸ்பத்திரிச் சீட்டு என்று நினைவுபடுத்தினார்கள். "அதான் கேட்டமே காதால" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் மருத்துவமனையில் அவரைச் சீஃபாகப் போட்டிருக்கலாம்.

நாகவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏதோ சொல்ல நினைத்தாள். இரண்டு மாதம் தினமும் பார்த்த என் பெயர் அவளுக்கு வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கரடி" என்றாள்.

முத்தையன் பதறிப்போனார். "ஏய், டாக்டரம்மாடி!"

அது நோய் செய்த பிழையா, அவள் வேண்டுமென்றே சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் நோய் எதுவும் இல்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது பையில் வைத்திருந்த அவளுடைய மதிப்பெண் தாளை எடுத்து, முதல் படத்துக்கு எதிரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஒன்று என்று போட்டேன்.